ஆவுடைக்குத்தான் தாங்காது

தம்பி, கொஞ்சம் நகந்து உக்காருங்க. இந்தத் தூக்குவாளியைக் காலுக்கு நடுவுல வச்சுக்கிடுதேன். சாம்பார்தான். மூடி லேசா லூசு, உங்க பேண்ட்ல பட்டுரக் கூடாது. நீங்க எங்க இறங்கணும்? சிவகிரியா. நாங்க ராஜபாளையம். சரி, பாதிக்கு மேல சேந்துதான் போறோம்.

நாங்கன்னா, முன்னால லேடீஸ் சீட்டுல மூணாவது வரிசை, பச்சைச் சேலை. அதுதான் என் வீட்டுக்காரி. பேரு ஆவுடை. இப்ப திரும்பிப் பாத்தா பாருங்க. இனி அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை திரும்புவா. நீங்க ஒண்ணும் நினைச்சுக்கிடாதீங்க. அவளுக்கு இன்னைக்கு மனசு சரியில்ல.

என் தம்பி பிள்ளைகளுக்கு இன்னைக்கு முதல் பிறந்தநாள். தென்காசியில வீடு. இரட்டைப் பிள்ளைக, ரெண்டும் பொண்ணு. பெரியவ பரணி, சின்னவ தாரணி. எட்டு நிமிஷம் வித்தியாசம். அங்க போயிட்டுத்தான் வாறோம்.

ஆவுடைக்குப் பிள்ளைன்னா உயிரு. எங்களுக்கு இல்ல. கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் ஆச்சு. நான் அதையெல்லாம் மனசுல போட்டுக்கிடுற ஆள் கிடையாது. மில்லுல டைம் ஆபீஸ்ல இருக்கேன். யாரு எத்தனை மணிக்கு வந்தான், எத்தனை மணிக்குப் போனான், அதைக் குறிக்கறதுதான் வேலை. எவன் அழுதாலும் லேட்டுன்னா லேட்டுதான். அப்படியே பழகிப்போச்சு. எதுலயும் ஒட்ட மாட்டேன். வேலுமயில் கல்லுன்னு மில்லுல சொல்லுவாங்க. பெருமைக்குச் சொல்லல, உள்ளதைச் சொல்லுதேன்.

ஆவுடை அப்படி இல்ல. அவளாலதான் இவ்வளவும் வந்துச்சு.

போன வருஷம் புரட்டாசியில பிள்ளைக பிறந்துச்சு. குறைமாசம். தாரணி ஒரு கிலோ அறுநூறு. கையில வாங்கினா ஈரத்துணி கணக்காத்தான் இருக்கும். இருபது நாள் ஆஸ்பத்திரியில கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சு எடுத்தாங்க. தம்பி குத்தாலிங்கம் பள்ளிக்கூட வேன் ஓட்டுதான். காலையில ஆறரைக்குப் போனா சாயங்காலம்தான் வருவான். அவன் பொண்டாட்டி பொன்செல்விக்குத் தாய் கிடையாது. மாடி வீட்டுல ரெண்டு பிள்ளையையும் வச்சுக்கிட்டு ஒத்தையில கெடந்தா. ஒண்ணு குடிச்சு முடிக்கும், ஒண்ணு அழும். அது தூங்கும், இது முழிக்கும். மூணாவது மாசம் ஒரு நாள் அடுப்படியில தலைசுத்தி விழுந்துட்டா. கீழ்வீட்டுக்காரங்கதான் போன் போட்டாங்க.

மறுநாள் நானும் ஆவுடையும் கார் வச்சுப் போனோம். மார்கழி மாசம். ஆவுடை என்ன சொன்னா தெரியுமா? "நான் இங்கயே ஒரு மாசம் இருந்து பாத்துட்டு வாறேன், நீங்க ஓட்டல்ல சாப்பிட்டுக்கிடுங்க"ன்னா. வாயால சொன்னது அதுதான். ஆனா அவ மனசுல என்ன ஓடுதுன்னு எனக்குத் தெரியாதா? இருபத்தாறு வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கேன். ஒரு பிள்ளையை நம்ம வீட்டுக்குக் கொண்டு போகணும்னு அவளுக்கு ஆசை. கேக்கக் கூச்சம். அவளால கேக்க முடியாதுன்னுட்டு நானே கேட்டேன்.

"பொன்செல்வி, ஒரு பிள்ளையை நாங்க கொண்டு போறோம். நீ கொஞ்சம் தேறிக்கோ. அஞ்சாம் மாசம் பிறந்ததும் கொண்டாந்து விட்டுருதோம்."

ஆவுடை என்னைத் திரும்பிப் பாத்தா. கண்ணெல்லாம் அகலமா விரிஞ்சுபோச்சு. சந்தோசம் தம்பி. எதிர்பாக்கல அவ.

ரெண்டு பிள்ளையும் பாயில கெடந்துச்சு. பொன்செல்வி அதுகளையே பாத்துக்கிட்டு இருந்தா. அப்புறம் மெதுவா, "எதைக் கொண்டு போறீங்க அத்தான்?"ன்னு கேட்டா.

நான் சின்னதைன்னேன். அதுக்குத்தானே கவனிப்பு வேணும். நியாயமாத்தானே சொன்னேன். அவ எடுத்து என் கையில குடுத்தா. குடுத்துட்டு, "ஒரு தடவை பால் குடுத்துட்டுத் தாறேன்"ன்னு திரும்ப வாங்கிக்கிட்டா. அதுவே முக்கால் மணி நேரம் ஆச்சு. கீழே கார்க்காரன் ஹாரன் அடிக்கான். பிள்ளை எப்பவோ தூங்கிருச்சு, அவ இன்னும் மடியில வச்சுக்கிட்டு இருக்கா. தூங்குன பிள்ளைக்கு எதுக்குப் பால்? உடம்பு முடியாதவ, சட்டுன்னு எந்திரிக்க முடியல போலன்னு நினைச்சுக்கிட்டேன்.

வீட்டுக்கு வந்தா தொட்டில் கட்டக் கொக்கி தயாரா இருக்கு. முந்தின நாளே ஆளை வச்சு உத்தரத்துல மாட்டியிருந்தேன். ஆவுடை அதை அண்ணாந்து பாத்துட்டு, "இது எப்ப மாட்டினீங்க?"ன்னா. "ரொம்ப நாளா இருக்கு, நீதான் கவனிக்கல"ன்னுட்டேன். எதுக்கும் முன்னேற்பாடு வேணும் தம்பி. டைம் ஆபீஸ் பழக்கம்.

மூணு நாள் கழிச்சுத் தம்பி போன் பண்ணினான். "அண்ணே, பரணி மூணு நாளா ஒரே அழுகை. பக்கத்துல கையை வச்சுத் தேடுது"ன்னான். வாயுத்தொல்லையா இருக்கும், ஓமத்தண்ணி குடுங்கன்னு சொன்னேன்.

தாரணி எங்க வீட்டுல ஏழு மாசம் இருந்தா. அந்த ஏழு மாசமும் ஆவுடையைப் பாத்திருக்கணும் நீங்க. பிள்ளை, பிள்ளை, பிள்ளை. எனக்கே கொஞ்சம் அலுப்பாத்தான் இருந்துச்சு. பிள்ளை தொட்டில்ல தூங்காது. ஆவுடை தோள்ல போட்டா நெளியும். என் நெஞ்சுல போட்டா அஞ்சே நிமிஷம். எனக்குச் சின்ன வயசுல இருந்து இழுப்பு உண்டு, நெஞ்சுல லேசா ஒரு சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும். அந்தச் சத்தத்துக்கு அது தூங்கும். ஆவுடைக்கு அந்தச் சத்தம் கிடையாது, அவ என்ன செய்வா பாவம். அவளுக்காகத்தான் நான் படுத்துக் கெடந்தேன். ஞாயித்துக்கிழமையானா மத்தியானம் மூணு மணி நேரம் அசையாம கெடப்பேன். மூக்குல ஈ உக்காந்தாலும் ஓட்டக் கூடாது.

எடை ஏறுதான்னு பாக்கணும்னு டாக்டர் சொன்னாரு. ஆஸ்பத்திரித் தராசு முள்ளு ஒரு நேரம் இங்க நிக்கும், ஒரு நேரம் அங்க நிக்கும். எங்க மில்லுல நூல் எடை போடுற மின்தராசு இருக்கு. ஒரு கிராம் தப்பாது. சனிக்கிழமை சாயங்காலம் பேக்கிங் செக்‌ஷனுக்குக் கொண்டு போயிருவேன். அங்க வேலை பாக்குற பொம்பளைக துண்டை மடிச்சுத் தட்டுல போடுவாங்க. கொண்டு வந்த அன்னைக்கு மூணு கிலோ நூத்திப்பத்து. மாசியில நாலு தொள்ளாயிரம். பங்குனியில அஞ்சு எழுநூத்தம்பது. மானேஜர் ஒரு தடவை பாத்துட்டு, "வேலுமயில், இதென்ன நாப்பதாம் நம்பர் நூலா?"ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நான் சிரிக்கல. ஆவுடைதான் எடை பாத்தே ஆகணும்னு ஒத்தக்கால்ல நிக்கான்னு சொன்னேன்.

அவ சொன்னாளான்னா, சொல்லல. சொல்லாட்டி என்ன? அவளுக்குத் தெரிய வேண்டாமா?

ஒரு நாள் நான் மில்லுக்கு லேட். சர்வீஸுக்கு வந்து இருபத்தேழு வருஷத்துல அதுதான் முதல் தடவை. ஏழு நிமிஷம். பிள்ளை என் சட்டைப் பித்தானைப் பிடிச்சுக்கிட்டு விடல. விரலைப் பிரிச்சு எடுத்தா வந்துரும். ஆவுடை பக்கத்துல நின்னு கையை நீட்டிக்கிட்டு, "நேரமாச்சு, குடுங்க, நேரமாச்சுங்க"ன்னு சொல்லிக்கிட்டே இருக்கா. அவ முன்னால பிள்ளை கையைப் பிடுங்கிவிட்டுப் போனா அவ மனசு என்ன பாடுபடும்? அதான் நின்னேன். அதுவா விடட்டும்னு நின்னேன். ஆபீசுக்குப் போய் என் பேருக்கு நேரா நானே சிவப்பு மையில லேட் போட்டுக்கிட்டேன். சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே.

பொன்செல்வி ஞாயித்துக்கிழமை தோறும் வருவா. தென்காசியில இருந்து இதே பஸ்ஸுலதான். பரணியை இடுப்புல வச்சுக்கிட்டு, ஒரு துணிப்பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு. ரெண்டு மணி நேரம் வரணும், ரெண்டு மணி நேரம் போகணும். வந்ததும் முகத்தைக் கழுவிட்டுத் தாரணியை வாங்கிப் பால் குடுப்பா. ஆரம்பத்துல பிள்ளை குடிச்சுச்சு. புட்டிப்பால் பழகின பிறகு முகத்தைத் திருப்பும். அஞ்சாம் மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, அவ மடியில எடுத்ததும் பிள்ளை வீரிட்டு அழுதுச்சு. அவளைப் பாத்துப் பயந்து அழுதுச்சு தம்பி. நான் கதவுகிட்ட நின்னேன். என்னைப் பாத்ததும் ரெண்டு கையையும் நீட்டிச்சு. நான் என்ன செய்ய? பிள்ளை கை நீட்டினா வாங்காம இருக்க முடியுமா? வாங்கினேன். டக்குன்னு அழுகை நின்னுச்சு.

"பஸ்ஸுல வந்த புழுதி வாடை பிள்ளைக்கு ஆகல. அதான்"னு அவளுக்குச் சொன்னேன். சமாதானமா இருக்கட்டுமேன்னு.

அவ தண்ணி குடிக்கப்போறேன்னு அடுப்படிக்குப் போனா. ஆவுடையும் பின்னாலயே போனா. ரெண்டு பேரும் ரொம்ப நேரம் வரல. வந்தப்ப பொன்செல்வி திரும்பவும் முகம் கழுவியிருந்தா. அவ்வளவு வெக்கை அன்னைக்கு.

அந்த மாசம்தான் கொண்டு போய் விடணும். பேச்சு அப்படித்தானே. ஆவுடை அன்னைக்குச் சாயங்காலமே ஆரம்பிச்சுட்டா. "சொன்னபடி பிள்ளையை விட்டுட்டு வந்துருவோங்க. பெத்தவ முகம் மறந்துபோச்சு பாருங்க"ன்னா. எனக்குத் தெரியும் தம்பி, அவ உள்ளுக்குள்ள உடைஞ்சு போயிருக்கா. வெளியே தைரியமாப் பேசுதா. பொம்பளைங்க அப்படித்தான். வேண்டாம்னு நினைச்சா வேணும்னு சொல்லுவாங்க. அவ முகத்தைப் பாக்க எனக்குச் சகிக்கல. "இப்பதான் பிள்ளைக்குச் சளி பிடிச்சிருக்கு, குறையட்டும்"னேன்.

சளி குறைஞ்சுச்சு. பல் முளைக்க ஆரம்பிச்சுச்சு. பல் முளைக்கிற நேரம் பிள்ளையை இடம் மாத்தலாமா? பல்லு வந்துச்சு. சித்திரை வந்துச்சு. தம்பி வீடு மாடி, மேல தகரம். சித்திரை வெயில்ல அந்தத் தகரத்துக்கடியில பிள்ளையைப் போடவான்னு கேட்டேன். "பரணியும் அந்தத் தகரத்துக்கடியிலதானே கெடக்கா"ன்னு ஆவுடை கேக்கா. பரணி பழகின பிள்ளை. இது பழகாத பிள்ளை. வித்தியாசம் இருக்குல்ல.

பொன்செல்விகிட்டயும் பக்குவமா ஒரு வார்த்தை சொன்னேன். "வாராவாரம் நீ வந்துட்டுப் போனா பிள்ளைக்கு மூணு நாளைக்குப் பழக்கம் கெட்டுப்போகுது. நேரத்துக்குத் தூங்க மாட்டேங்குது. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை வாயேன். உனக்கும் அலைச்சல் குறையும்." அவ நல்லதுக்குத்தான் சொன்னேன். சரி அத்தான்னுட்டா. எதுத்துப் பேசவே மாட்டா. நல்ல பிள்ளை. ஆவுடைதான் எங்கிட்ட ரெண்டு நாள் பேசல. ஏன்னே தெரியல. அவ மனசுல இருந்ததைத்தான் நான் சொன்னேன், அப்பவும் கோபம்.

ஒம்பதாம் மாசம் தம்பியும் சேந்து வந்தான். வேனுக்குப் பள்ளிக்கூட லீவு. நான் மில்லுல இருந்து வாறேன். வாசல்ல செருப்பைக் கழட்டுதேன். உள்ளே தம்பி மடியில தாரணி இருக்கு. என்னைப் பாத்ததும், "ப்பா"ன்னுச்சு. ஒரு தடவை இல்ல, மூணு தடவை. "ப்பா, ப்பா, ப்பா." தம்பி மடியில இருந்துக்கிட்டு, என்னைப் பாத்து.

அது சும்மா வாயில வாற சத்தம்தான். அந்த வயசுல எல்லாப் பிள்ளையும் சொல்லும். நான் அதைப் பெருசா எடுத்துக்கிடல. அன்னைக்குத் தேதி ஜூன் மாசம் பதிமூணு, மணி நாலு இருபது. அவ்வளவுதான்.

தம்பி சிரிச்சான். சிரிச்சுட்டுக் குனிஞ்சு பிள்ளை காலைத் தடவிக்கிட்டே இருந்தான். பொன்செல்விதான் பேசினா. அன்னைக்குத்தான் அவ எங்கிட்ட முதல் தடவை நேராக் கேட்டது.

"அத்தான், நான் இப்ப நல்லா இருக்கேன். பரணி பிடிச்சு நிக்க ஆரம்பிச்சுட்டா. ரெண்டு பேரும் சேந்து நடக்கட்டும். அடுத்த வாரம் கூட்டிட்டுப் போகட்டா?"

"தாராளமாம்மா. உன் பிள்ளை. ஒம்பதாம் மாசத்து ஊசி ஒண்ணு பாக்கி இருக்கு. இங்க கார்டு போட்டிருக்கு. அதைப் போட்டுட்டு நானே கொண்டாந்து விடுதேன்"னேன்.

ஊசி போட்டாச்சு. நான் லீவு போட்டுட்டுப் போய் என் மடியில வச்சுத்தான் போட்டது. ஆனா அதுக்குள்ள தென்காசியில சாரல் ஆரம்பிச்சுருச்சு. உங்களுக்குத் தெரியாததா, ஆனி ஆடியில அங்க எப்படி இருக்கும். ஈரக்காத்து. ஊசி போட்ட பிள்ளைக்கு ஈரக்காத்து ஆகுமா? சாரல் முடியட்டும்னேன். ஆவுடை தலையை ஆட்டிட்டுத் துணி மடிச்சா. நான் அப்பவே சந்தேகப்பட்டிருக்கணும்.

ஆடி மாசம் ரெண்டாவது செவ்வாய்க்கிழமை. நாலு மணிக்கு வீட்டுக்கு வாறேன், கதவு பூட்டியிருக்கு. பக்கத்து வீட்டுல சாவி குடுத்திருந்தா. உள்ளே போனா தொட்டில் சேலையை அவுத்து மடிச்சு நாற்காலியில வச்சிருக்கு. அடுப்படியில எனக்குச் சோறு, ரசம், மூடி வச்சிருக்கு. சட்டை கழட்டாம அந்த நாற்காலியிலயே உக்காந்திருந்தேன். எனக்கு என்ன தம்பி, நான் கல்லு. இவ எப்படித் தாங்கப்போறா, பிள்ளையை அங்க விட்டுட்டு எப்படி ஒத்தையில பஸ் ஏறி வரப்போறா, அந்தக் கவலைதான்.

ஏழு மணிக்கு வந்தா. செருப்பைக் கழட்டிட்டு, "விட்டுட்டு வந்துட்டேன்"ன்னா.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொன்னா நீங்க இன்னொரு ஊசி கண்டுபிடிச்சிருப்பீங்க."

அப்படிப் பேசுற பொம்பளையே கிடையாது அவ. துக்கம் ஆளை எப்படி மாத்துது பாருங்க. கை கால் கழுவிட்டு என் பக்கத்துல வந்து உக்காந்தா. "பொன்செல்வி பிள்ளையை வாங்கி அப்படியே தரையில உக்காந்துட்டா"ன்னா. "பரணி என்ன செஞ்சா தெரியுமா? தவழ்ந்து வந்து தாரணி காதைப் பிடிச்சா. ரெண்டும் ஒண்ணையொண்ணு பாத்துக்கிட்டே இருந்துச்சு, அரை மணி நேரம்." சொல்லும்போது சிரிச்சா. சிரிப்பா அது? எனக்குத் தெரியும்.

மறுநாள்ல இருந்து அவ நல்லாச் சாப்பிட்டா. நல்லாத் தூங்கினா. பக்கத்து வீட்டுக்காரிகளோட கோயிலுக்குப் போனா. பழையபடி ஆயிட்டா. எனக்குப் பயமா இருந்துச்சு. இவ்வளவு துக்கத்தை உள்ளே வச்சிருந்தா ஒரு நாளைக்கு வெடிச்சுரும்ல? எனக்கு அந்தச் சமயம் பாத்துச் சோறு இறங்கல. அது வயித்துக் கோளாறு. டாக்டர் மாத்திரை எழுதினாரு. மில்லுல ரெண்டு ஆளுக்குத் தப்பா ஆப்சென்ட் போட்டுட்டேன். கண்ணாடி பவர் மாறியிருக்கும்.

ஆவுடைக்காக ஞாயித்துக்கிழமை தோறும் நான் தென்காசிக்குப் போனேன். போய்ப் பாத்துட்டு வந்து, பிள்ளை எப்படி இருக்குன்னு அவளுக்குச் சொல்லணும்ல. அவளையும் கூப்பிட்டேன், "நான் எதுக்கு, அது பழகட்டும்"ன்னுட்டா. பாத்தா தாங்க மாட்டா, அதான் வரல. நான் போனதும் தாரணி ஓடி வந்து, ஓடின்னா தவழ்ந்து வந்து, ஏறிக்கிடும். நெஞ்சுல படுத்துத் தூங்கும். கிளம்பும்போது அழும். வீடே அதிர அழும். தெருமுனை வரைக்கும் கேக்கும். நான் திரும்பிப் பாக்காம வந்துருவேன்.

நாலு வாரம் போனேன். அஞ்சாவது வாரம் தம்பி பஸ் ஸ்டாண்டுக்கே வந்து நின்னான். டீ வாங்கிக் குடுத்தான். கிளாசைக் கையில வச்சு உருட்டிக்கிட்டே இருந்தான்.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. நீங்க வந்துட்டுப் போனா மூணு நாளைக்கு அவ பொன்செல்வியைக் கிட்டச் சேக்க மாட்டேங்குதா. சோறு ஊட்டினா துப்புதா. கொஞ்ச நாளைக்கு… பிறந்தநாள் வரைக்கும்… நீங்க வராம இருந்தா."

நான் வளத்த தம்பி. அப்பா செத்தப்ப அவனுக்கு ஏழு வயசு, நான்தான் ஸ்கூல்ல சேத்தேன். அவன் சொல்லுதான், பிள்ளையைப் பாக்க வராதேன்னு. ஈரம் இல்லாதவங்க கூட அப்படிச் சொல்ல மாட்டாங்க தம்பி. ஒரு மனுசன் வாரத்துல ஒரு நாள், நாலு மணி நேரம் பஸ்ஸுல அலைஞ்சு ஒரு பிள்ளையைப் பாக்க வாறான்னா, அவனைப் பாத்து எப்படி வாய் வந்துச்சு? நான் கோபப்படல. டீயைக் குடிச்சேன். அடுத்த பஸ்ஸுல ஏறிட்டேன். ஆவுடைகிட்டச் சொன்னப்ப, அவ கொஞ்ச நேரம் என்னையே பாத்துட்டு, "பொன்செல்வி அன்னைக்கு அடுப்படியில நின்னு அழுதது உங்களுக்குத் தெரியாதுல்ல"ன்னா. எதுக்கு எதைக் கொண்டாந்து முடிச்சுப் போடுதா பாருங்க. நான் ஒண்ணு சொன்னா அவ ஒண்ணு சொல்லுவா. மனசு கலங்கியிருக்கவகிட்ட என்ன பேச.

நாப்பத்தஞ்சு நாள். அப்புறம் இன்னைக்குத்தான் போனோம்.

ரெண்டுக்கும் ஒரே மாதிரி மஞ்சள் கவுன் நான்தான் எடுத்துப் போன வாரமே அனுப்பியிருந்தேன். அதைத்தான் போட்டிருந்தாங்க. பத்துப் பதினஞ்சு பேரு, கீழ்வீட்டுக்காரங்க, வேன் டிரைவருங்க, அவ்வளவுதான் கூட்டம். தம்பி பலூன் கட்டிக்கிட்டு இருக்கான். ஹால் நடுவுல பாயில ரெண்டு பிள்ளையும் ஒரு கரண்டிக்குச் சண்டை போடுதுக. ஒண்ணு ஒல்லி, ஒண்ணு கொஞ்சம் சதைப்பிடிப்பு. ஒல்லிதான் தாரணின்னு யாருக்கும் தெரியும். பிறந்ததுல இருந்தே அப்படி. நான் யாரையும் கேக்கல. நேராப் போய்த் தூக்கினேன். நாற்காலியில உக்காந்து நெஞ்சுல சாச்சேன். முதல்ல லேசாத் திமிறிச்சு. முதுகைத் தட்டினேன். பத்து நிமிஷத்துல தூங்கிருச்சு.

நான் நிமிந்து எல்லாரையும் பாத்தேன். "நாப்பத்தஞ்சு நாள் ஆனாலும் பிள்ளை மறக்கல, பாத்தீங்களா"ன்னு சொன்னேன்.

தம்பி கையில நூலோட அப்படியே நிக்கான். ஆவுடை என்னவோ சொல்ல வாயெடுத்தா. பொன்செல்வி அவ கையைப் பிடிச்சு அழுத்தினா. அதை நான் பாத்தேன். எதுக்குன்னு அப்பப் புரியல.

கொஞ்ச நேரத்துல இன்னொண்ணு தவழ்ந்து வந்துச்சு. என் வேட்டியைப் பிடிச்சு, முழங்காலைப் பிடிச்சு எந்திரிச்சு நின்னுச்சு. நின்னுக்கிட்டு என் காலைத் தட்டுது. சின்னக் கை, தப்பு தப்புன்னு தட்டுது. "பரணிக்குட்டி, அம்மாகிட்டப் போ, உன் தங்கச்சி தூங்குதால்ல"ன்னு கையை எடுத்துவிட்டேன். தொப்புன்னு உக்காந்துச்சு. திரும்பவும் எந்திரிச்சுச்சு. திரும்பவும் எடுத்துவிட்டேன். மெதுவாத்தான் எடுத்தேன். மூணாவது தடவை நான் காலை உள்ளே இழுத்துக்கிட்டேன். இது எதுக்கு என்கிட்ட வந்து நிக்குதுன்னு எனக்கு ஒரே எரிச்சல். மேல உள்ளது முழிச்சுருமேன்னு.

அப்ப பொன்செல்வி பக்கத்துல வந்தா. கையில கேசரித் தட்டு. குனிஞ்சு, மத்தவங்களுக்குக் கேக்காம சொன்னா.

"அத்தான், பரணிக்குப் போன மாசம் பத்து நாள் காய்ச்சல். ரொம்ப மெலிஞ்சுட்டா."

அவ்வளவுதான் சொன்னா. எதுக்கு இதை இப்பச் சொல்லுதான்னு நான் அவளைப் பாத்தேன். அவ கீழே நிக்குற பிள்ளையைப் பாத்தா.

புரியறதுக்குக் கொஞ்ச நேரம் ஆச்சு தம்பி. நெஞ்சுல தூங்கறது பரணி.

"தெரியும்மா"ன்னேன். "பரணியை நான் தூக்கினதே இல்ல, அதான் இன்னைக்குத் தூக்கினேன்."

"ஆமா அத்தான்"ன்னா.

ஒரு சமாளிப்புக்குத்தான் சொன்னேன். சொல்லி முடிச்ச பிறகுதான் யோசிக்கேன், நெசமாவே தூக்கினதில்ல. அந்த ஒரு வருஷத்துல, ஞாயித்துக்கிழமை தோறும் பஸ்ஸுல வந்து என் வீட்டுல கெடந்த பிள்ளை. எங்க கெடந்துச்சு, யார் மடியில இருந்துச்சு, என்ன சாப்பிட்டுச்சு, எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல.

அது நல்ல தூக்கத்துல இருக்கு. இறக்கினா முழிச்சுரும். வலது கையால அதைப் பிடிச்சுக்கிட்டு, இடது கையைத் தாரணிகிட்ட நீட்டினேன். அது என் முகத்தைப் பாத்துச்சு. நல்லாப் பாத்துச்சு. பொன்செல்வி தட்டைக் கீழே வச்சுட்டுச் சும்மா நின்னா, கூப்பிடவே இல்ல. அதுவாத் திரும்பி, அவ சேலையைப் பிடிச்சு, ரெண்டு எட்டு நடந்துச்சு. முதல் நடை தம்பி அது. எல்லாரும் கையைத் தட்டினாங்க. அவ தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டா. அழவே இல்ல. என்னைப் பாத்துக்கிட்டே போச்சு, அழாமப் போச்சு.

பிள்ளை நடந்தா சந்தோசம்தானே. எனக்கும் சந்தோசம்தான். பரணி முழிக்கிற வரைக்கும் ஒரு மணி நேரம் அப்படியே உக்காந்திருந்தேன். எல்லாரும் சாப்பிட்டு முடிச்சுட்டாங்க. கை மரத்துப்போச்சு.

சிவகிரி வந்துருச்சா? நீங்க இறங்கணும்ல. கொஞ்சம் இருங்க, வாளியை நகத்திக்கிடுதேன். தம்பி, ஒரு சின்ன உதவி. முன்னால போகும்போது அந்தப் பச்சைச் சேலைக்காரி உங்களைப் பாத்து, அவர் என்ன பண்ணுதாருன்னு கேப்பா. கட்டாயம் கேப்பா. பஸ் ஏறினதுல இருந்து அசந்து தூங்குதாருன்னு சொல்லிருங்க. நான் இப்பக் கண்ணை மூடிக்கிடுதேன்.